சுமையை இறக்கி வைக்கும் நேரம்



ஓய்வைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மற்ற ஊர்களில் இந்தத் தலைப்புக்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டியிருக்கும். விரிஞ்சிபுரத்தில் அந்தச் சிரமம் இல்லை. இந்த ஊர்ச் சாமியே வழிப்போக்கர்களின் சாமி. மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணை நாதர். காஞ்சிபுரத்துக்கு மிளகு மூட்டைகளோடு போன வணிகர் ஒருவர் திருடர் பயத்தால் இந்தச் சாமியிடம் முறையிட்டார், சாமி குதிரை வீரனாகக் கூடவே போய்க் காத்தார் என்பது நாம் பாட்டிகளிடம் கேட்ட கதை. ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் மார்க்கபந்து தோத்திரம் பாடியது இவர்மேல்தான் என்று சொல்வார்கள். கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் குதிரையை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. அந்த வணிகர் இங்கே தங்கினார். மூட்டையை இறக்கினார், மாட்டை அவிழ்த்தார், குளித்தார், கோயிலுக்குள் போய் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தபோதுதான் சாமியிடம் பேச முடிந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே போயிருந்தால் கதையே இல்லை.

பெருவழிகளில் இப்படித் தங்குவதற்கு இடம் கட்டி வைத்தவர்கள் யார் என்று பார்த்தால், இன்று இந்த மேடைக்குப் பெயர் கொடுத்திருப்பது போன்ற அறக்கட்டளைகள்தான். விளக்கெரிக்க, நந்தவனம் வைக்க என்று எழுதி வைத்தவர்கள், சத்திரம் கட்டவும் சாவடி கட்டவும் கோடையில் தண்ணீர்ப் பந்தல் போடவும் எழுதி வைத்தார்கள். சொற்பொழிவுக்குப் பணம் எழுதி வைப்பது பின்னால் வந்த பழக்கம். பேச்சாளனாகிய நான் அதைக் குறை சொல்லக் கூடாது.

அந்தத் தருமங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது சுமைதாங்கி. இளைஞர்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. தலையில் சுமை கொண்டு வருகிறவர் குனியாமல், இன்னொருவரைக் கைகொடுக்கச் சொல்லாமல், மூட்டையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைத்துவிடலாம். திரும்பவும் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நடுவார்கள். இறக்க முடியாத சுமையோடு போனவளின் பேரால் மற்றவர் சுமையை இறக்கட்டும் என்று. இதைவிட நுட்பமான நினைவுச் சின்னத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. காவேரிப்பாக்கம் பக்கத்தில் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. சென்னை பஸ்ஸில் போகிறவர்கள் கடந்திருப்பீர்கள்.

ஓய்வெடுக்கத் தெரியாமல்தான் நாம் தவிக்கிறோம், மனசைப் பழக்கினால் போதும் என்று சொல்கிற புத்தகங்கள் இப்போது நிறைய விற்கின்றன. மூச்சை இழுத்து விடு, செல்போனை அணைத்து வை, வேகத்தைக் குறை. நல்ல யோசனைகள்தான். ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் டார்கெட் முடிக்க வேண்டிய பெண்ணிடம் போய் வேகத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓய்வுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை யாரோ சண்டை போட்டு வாங்கியிருக்க வேண்டும். ஓய்வுக்கு இடம் வேண்டும்; அந்த இடத்தை யாரோ கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். மனசு மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நேரம். கோயிலுக்குள் இருக்கிற நேரம் காட்டும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அரைவட்டமாகச் செதுக்கிய கல், அதில் எண்கள். மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. சுற்றுலா வருகிறவர்கள் உடனே கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கல் தப்புக் காட்டுகிறது என்பார்கள். கல் தப்புக் காட்டவில்லை. நம் கடிகாரத்தின் நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். விரிஞ்சிபுரம் இருப்பதோ ஏறக்குறைய 79 பாகையில். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வர சராசரியாகப் பதினான்கு நிமிடம் கூடுதலாகும். பிப்ரவரி நடுவில் இந்த வித்தியாசம் அரைமணியை ஒட்டும், நவம்பர் தொடக்கத்தில் கல்லும் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கல் இந்த ஊரின் நேரத்தைச் சொல்கிறது, கடிகாரம் நாட்டின் நேரத்தை. 1856 இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் வந்தது. பிறகு பாலாற்றுக்கு வடக்கே அது மேற்காக நீண்டது. ரயிலுக்கு ஊருக்கு ஒரு நேரம் ஒத்துவராது. முதலில் சென்னை நேரம் ரயில்வே நேரமாயிற்று, 1906 இல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. ரயிலுக்கு வந்த நேரம் ஆலைச் சங்குக்கும் வந்தது.

இதைச் சொல்லும்போதே பழைய காலத்தைப் பற்றிப் பெருமூச்சு விடும் ஆசை யாருக்கும் வரும். நான் அந்த வழியில் அதிக தூரம் போக மாட்டேன். மேகம் மூடினால் கல் மணி சொல்லாது என்பதற்காக அன்று அறுவடைக் கூலிக்கு விடுமுறை விட்டார்களா என்ன? சூரியன் விழுகிற வரைக்கும் வேலை என்றால் அதை நீட்டுவதற்குச் சூரியனைத் தவிர தடையில்லை. சத்திரத்துத் திண்ணையிலும் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. எந்தச் சாதிக்கு எந்தத் தாழ்வாரம் என்று கணக்கு இருந்தது. வெட்டவெளியில் நின்ற சுமைதாங்கிக்குப் பக்கத்தில்தான் அதைக் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டான். அந்தக் கல்லை எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணம்.

நம் தொழிலுக்கு வருகிறேன். தோல் பதனிடுவது ஒரு காலத்தில் பொறுமையின் தொழில். ஊறப்போடு, சுண்ணாம்புக் குழியில் இறக்கு, மயிரை நீக்கு, பிறகு ஆவாரம் பட்டைச் சாற்றில் நாள் கணக்காகப் போட்டுப் போட்டு எடு, கடுக்காய் கொடு. ஒரு தோல் குழியிலிருந்து கரையேற வாரக் கணக்கில் ஆகும். பட்டைச் சாறு தோலுக்குள் மெல்லத்தான் இறங்கும்; அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் பதப்பட்டு உள்ளே பச்சையாக நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற அதிகாரி குரோம் முறையை இங்கே கொண்டுவர முயற்சி செய்தார். குரோம் உப்பு நீரில், சுழலும் டிரம்முக்குள், வாரக்கணக்கு வேலை ஒரு நாளைக்குச் சுருங்கியது. 1970களில் அரசு பதனிடாத, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுத்தோலாகவும் செருப்பாகவும் அனுப்புங்கள் என்று சொன்ன பிறகு ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எல்லாம் இந்த வேகத்துக்கு மாறின.

வேகத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, 28 ஆகஸ்ட் 1996. மாசுபடுத்தியவர் ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் வேலூர் என்ற பெயரை இந்த வழக்கால்தான் தெரிந்துகொள்கிறார்கள். பாலாற்று மணலில் சாயங்காலம் போய் உட்கார்ந்து, ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து, இருட்டிய பிறகு எழுந்து வந்த தலைமுறை இன்னும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. அந்த ஆற்று மணல்தான் நம் ஊர்களில் மிகப் பெரிய, காசு கேட்காத ஓய்விடம். கொஞ்சத்தைக் கழிவு கொண்டுபோனது, மீதியை லாரி கொண்டுபோனது.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை. குழியில் தோல் நிதானமாக ஊறியது உண்மை. குழியில் நின்றவர் நிதானமாக இருந்தார் என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு கால் விரல்களைத் தின்றது. இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். வேலை மெதுவாக நடப்பதும் வேலை செய்கிறவருக்கு ஓய்வு கிடைப்பதும் வேறு வேறு விஷயங்கள். நிதானத்தைப் புகழ்கிற எழுத்தாளர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஓய்வு நேரம் என்பது எப்படி வந்தது என்று தமிழ்நாட்டு வரலாற்றில் தேடினால் பெரம்பூருக்குப் போக வேண்டும். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். அந்தப் பகுதியில் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு கடைக்காரர்கள் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று நடத்தினார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், பக்திப் பிரசங்கம் கேட்கிற இடம். ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே வந்து உட்காருவார்கள். பிரசங்கத்துக்கு முன்னும் பின்னும் பேசிக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற அரைமணி நேரம் போதவில்லை, ஓடிப்போய்த் தின்றுவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது என்பது அந்தப் பேச்சில் வந்த முக்கியக் குறை. பி.பி. வாடியா என்ற தலைவரை அழைத்து வந்தார்கள். 27 ஏப்ரல் 1918 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று, ஓய்வாக உட்கார்ந்த இடத்தில் முளைத்தது, அதன் முதல் குறைகளில் ஒன்று உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லை என்பது. முதலாளிகள் எதற்குச் சும்மா உட்காரும் தொழிலாளியைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று யாராவது கேட்டால் இந்தச் சபையைச் சொல்லலாம்.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1922 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது, 1934 சட்டம் 54 என்றது. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1946 இல், 48 ஆயிற்று. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதி செய்து, ஒரு நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரைமணி இடைவேளை என்று எழுதியது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றது. நின்று வேலை செய்கிறவருக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றும் அதன் 44 ஆம் பிரிவு சொன்னது.

இதைக் கேட்டால் நல்ல சட்டம் என்று தோன்றும். நல்ல சட்டம்தான். தொழிற்சாலைக்கு மட்டும். கடையில் நிற்கிற பெண்ணுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 2021 இல். 1948க்கும் 2021க்கும் இடையே ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் எத்தனை தலைமுறை கால் வீங்கி நின்றது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் கூலியைப் பிடிப்பார். இந்த வாழ்க்கையைக் காட்டிய வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010 இல் வந்தது. படத்தைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு அதே கடைக்குப் போய்ப் புடவை எடுத்தோம். கேரளம் 2018 இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது என்பதை வெளிநாட்டு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. வேலூர் நீண்ட கடைத்தெருவில் இப்போது சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதில் துணிக்கட்டு வைத்திருக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று, தினமும் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் திருத்தத்துக்குச் சொன்ன நியாயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 48 மணி மாறாது, நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்றார்கள். காகிதத்தில் கணக்கு சரி. மாதனூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்ணின் நாளில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சமையலை முடித்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, இருட்டோடு பஸ் ஏறுகிறாள். பன்னிரண்டு மணி நேரம் மிஷின். திரும்பி வந்து மறுபடி அடுப்பு. அந்த நான்கு நாளில் தூங்கக்கூட இடமில்லை. மிச்ச மூன்று நாள்? அது வீட்டு வேலைக்கு.

2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் இல்லை, கவனியுங்கள். ஆண்களின் ஓய்வு நேரம் எங்கிருந்து வருகிறது என்று இதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்.

நேரத்தைப் போலவே இடமும் ஆணுக்கே. ஆணுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. ஒரு டீயும் ஒரு தினத்தந்தியும் ஒரு மணி நேரத்துக்குச் செல்லும். அரசமரத்து மேடை, மதகுச் சுவர், பஸ் நிறுத்தம், ஜும்மாவுக்குக் கடையடைத்துவிட்டுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசுகிற கொஞ்ச நேரம், எல்லாம் ஆணுடையது. பெண்ணுக்கு வாசல்படி இருந்தது. திண்ணையை இடித்து கிரில் கேட்டும் பைக் நிறுத்துமிடமும் ஆக்கிய பிறகு அதுவும் போயிற்று.

பெண்கள் பொது இடத்தில் இரவு முழுவதும் படுத்திருக்கிற நாள் ஒன்று நம் ஊரில் உண்டே என்பீர்கள். கார்த்திகைக் கடைஞாயிறு. சிம்ம தீர்த்தத்தில் மூழ்கி, ஈரத்துணியோடு கோயில் தரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் படுக்கிறார்கள். நான் அதை ஓய்வுக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பிள்ளை இல்லை என்று ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலாக அந்தப் பெண் குளிரில் படுத்துக் கனவுக்குக் காத்திருக்கிறாள். கூட வந்த கணவர் வேட்டியை உலர்த்திவிட்டு டீக்கடையில் இருப்பார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பெண்கள் அந்த இரவில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டிருக்கிற அம்மாக்கள் சொல்வார்கள், வருஷம் முழுவதும் வேறெங்கும் அப்படிப் பேசக் கிடைக்காது என்று.

2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதைப் பற்றி என்னென்னவோ கேலி பேசினோம். வேலைக்குப் போக வசதி, மருத்துவமனைக்குப் போக வசதி என்றே அரசும் அதை நியாயப்படுத்துகிறது. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு ஒரு பெண் காரணமில்லாமல் அணைக்கட்டு வரைக்கும் போய்வந்தால் என்ன? அதையும் பயன் என்று எழுதிக்கொள்ள ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. 1948 இலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, எஸ்.ஆர். இரங்கநாதனின் பல வருட முயற்சி. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். காசு கொடுக்காமல், எதுவும் வாங்காமல், மின்விசிறிக்கடியில் உட்கார உரிமையுள்ள இடம் நம் ஊர்களில் கிளை நூலகம் ஒன்றுதான். எத்தனை பெண்கள் அங்கே சாயங்காலம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்?

நெடுஞ்சாலையை விட்டுவிட்டேன். பாம்பணையில் படுத்த பெருமாள் இருக்கிற பள்ளிகொண்டாவில் சுங்கச்சாவடி இருக்கிறது. பாஸ்டேக் வந்த பிறகு அங்கே நின்ற கொஞ்ச நேரமும் போயிற்று. அந்த நிறுத்தத்தை நம்பி வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும் விற்ற அம்மாக்களைப் பற்றி எந்தச் சாலைத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு வட்டியில் பேச்சாளருக்குப் போகிற பாகத்தை எடுத்து, சேதுவாலைக் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பெண்களுக்காக ஒரு உட்காருமிடம் கட்டுங்கள். முதுகு சாய வேண்டும். சிமெண்ட் திட்டு வேண்டாம். நிழல் மேற்குப் பக்கம் வேண்டும், வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். கைப்பையை வைக்க, சுமைதாங்கி மாதிரி தோளுயரத்தில் ஒரு பலகை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் உட்கார மாட்டார்கள், ஆகவே முதலில் அதைக் கட்டிவிட்டு மற்றதைக் கட்டுங்கள். தண்ணீரும், ஏழு மணிக்குமேல் எரிகிற விளக்கும். அப்புறம் ஒரு காவலாளி. பஸ் போன பிறகும் யாராவது உட்கார்ந்திருந்தால், எதுக்கும்மா இன்னும் உட்கார்ந்திருக்கே என்று கேட்கக் கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.